சோடா வாங்கி வரச் சொல்லாதீர்கள்!

சனிக்கிழமை மாலை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை இறக்கும் சத்தம் ஓய்ந்து, கிடங்குகளின் கதவுகள் சாத்தப்படும் நேரம். வாரக் கூலி கைக்கு வந்துவிட்டது. லைன் வீட்டுத் திண்ணையில் இரண்டு, மூன்று பேர் கூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்:

"டேய் தம்பி, ஓடிப் போய் ரெண்டு சோடாவும் ஒரு மிக்சர் பொட்டலமும் வாங்கிட்டு வா. மீதிக் காசை நீயே வச்சுக்க."

பையனுக்கு வயது 12. சந்தோஷமாக ஓடுகிறான்.

இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். பையன் குடிக்கவில்லை. பாட்டிலைத் தொடவும் இல்லை. வாங்கி வந்தது சோடாவும் மிக்சரும்தான். ஆனால் நான்கு ஆண்டு கழித்து அதே பையன் வாயில் வாசனையோடு வீட்டுக்குள் நுழையும்போது, "இந்தக் கண்ராவியை இவன் எங்கே போய்க் கற்றுக்கொண்டான்?" என்று தாய் தலையில் அடித்துக்கொள்கிறாள். அவன் வேறு எங்கும் போகவில்லை. சோடா வாங்கப் போய்க் கற்றுக்கொண்டான். வாரம் முழுவதும் எரிந்து விழும் அப்பா பாட்டில் திறந்ததும் சிரிக்கிறார் என்பதைப் பார்த்தான். அந்த நேரத்தில் கேட்டால் காசு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டான். எத்தனை பங்கு சரக்குக்கு எத்தனை பங்கு சோடா என்பது அவனுக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம்.

பிள்ளைகள் குடிக்கு ஆளாகாமல் தடுப்பது எப்படி என்று பள்ளிக்கூடங்களில் கூட்டம் நடக்கிறது. சுவரொட்டி ஒட்டுகிறார்கள். எல்லாம் நல்ல காரியம். என்றாலும் முதல் பாடம் நடக்கும் இடம் வீட்டுத் திண்ணை என்பதால், தடுக்கும் வேலையும் அங்கேதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பழி யார் மேல்?

கொச்சிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "ஊரில் இருந்திருந்தால் பையன் இப்படி ஆகியிருக்க மாட்டான். கேரளாவுக்கு வந்துதான் கெட்டான்" என்பார்கள். மத்திய அரசு 2019-21ல் நடத்திய தேசிய குடும்ப நல ஆய்வு வேறு கணக்குச் சொல்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துவோர் கேரளத்தில் 100க்கு சுமார் 20 பேர். தமிழ்நாட்டில் சுமார் 25 பேர். ஆகவே பையனை திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற கணக்கு தப்புக் கணக்கு. கண்காணிப்புதான் குறையும்.

போதைப் பழக்கம் பற்றி மத்திய அரசு 2019ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் மது அருந்துவோர் 1.3 சதவீதம். கேட்கும்போது சின்ன எண்ணாகத்தான் இருக்கும். 1,000 பிள்ளைகள் இருக்கும் இடத்தில் 13 பேர் என்று நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய எண் என்பது புரியும்.

இன்னொரு சமாதானமும் இப்போது புதிதாக வந்திருக்கிறது. கொச்சியில் போதைப் பவுடர் பிடிபட்ட செய்தி பத்திரிகையில் வராத வாரம் அபூர்வம். அதைப் படித்துவிட்டு, "நம்ம பையன் பவுடர் கிவுடர் பக்கம் போகவில்லையே, பீர்தானே குடித்தான்" என்று மூச்சு விடும் தகப்பனார்கள் இருக்கிறார்கள். 15 வயது உடம்புக்கு பீரும் சாதாரணப் பொருள் அல்ல.

"வீட்டிலேயே ருசி பார்க்கட்டுமே!"

படித்த, ஆபீஸ் வேலை பார்க்கும் குடும்பங்களிலும் ஒரு நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது. "வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துவிட்டால் ஆசை தீர்ந்துவிடும், வெளியே போய் திருட்டுத்தனமாகக் குடிக்க மாட்டான்" என்பதே அது. தீபாவளி அன்றோ, மச்சான் கல்யாணத்திலோ, ஓணத்துக்கு நண்பர்கள் கூடும்போதோ மாமா ஒருவர், "ஒரு வாய் குடிடா, ஆம்பளைப் பிள்ளைதானே" என்று தம்ளரை நீட்டுவார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

இந்த நம்பிக்கை சரியா என்று ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி செல்லும் 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் 2010 முதல் 2016 வரை ஆண்டுதோறும் விசாரித்தார்கள். முடிவு 2018ல் 'லான்செட்' குழுமத்தின் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. பெற்றோர் கையால் வாங்கிக் குடித்த பிள்ளைகள், பெற்றோர் கொடுக்காத பிள்ளைகளைக் காட்டிலும் பிற்காலத்தில் அளவு மீறிக் குடிப்பதும், வெளியாரிடம் வாங்கிக் குடிப்பதும் அதிகமாகவே இருந்தது. பெற்றோர் கொடுத்ததால் பிள்ளை காப்பாற்றப்பட்டான் என்பதற்கு அடையாளமே இல்லை.

அமெரிக்காவில் 1997ல் வெளியான ஆய்வு ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் 100க்கு 40 பேர் வாழ்க்கையில் எப்போதாவது ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அப்படி ஆனவர்கள் 100க்கு 10 பேர் அளவே. மூளையில் நிதானம், முன்யோசனை ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதி முழுமையாக முதிர்வதற்கு ஏறக்குறைய 25 வயது ஆகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 'போதும்' என்று சொல்ல வேண்டிய பகுதி முதிர்வதற்கு முன்பே மதுவைப் பழக்கினால், பிற்பாடு போதும் என்று சொல்ல ஆள் இருக்காது. ஒவ்வோர் ஆண்டு தள்ளிப் போடுவதும் லாபம்தான்.

இந்த இடத்தில் தாய்மார்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சளி பிடித்த கைக்குழந்தைக்கு ஒரு சொட்டு பிராந்தி தடவும் கைவைத்தியம் தமிழ்நாட்டிலும் உண்டு, கேரளத்திலும் உண்டு. அதனால் சளி போவதில்லை. சின்னக் குழந்தைக்கு மது ரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஆயுர்வேதக் கடை அரிஷ்டத்திலும் புளிப்பேறும்போது உண்டாகும் மது இருக்கிறது. அதை வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல், 'பசி எடுக்கும்' என்று அவுன்ஸ் கணக்கில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது.

கள் விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. கேரளத்தில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு. கப்பையும் மீன் கறியும் சாப்பிடுவதற்கென்றே குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் இருந்து வந்த விருந்தாளியை அழைத்துக்கொண்டு போவதும் வழக்கமாகிவிட்டது. "கள் இயற்கையானது, சரக்கு இல்லை" என்று பையனிடம் சொல்லி வைத்தால் அது முதல் படி ஆகிவிடும். மரத்தில் இருந்து இறக்கிய சில மணி நேரத்தில் கள்ளும் மதுதான்.

23 வயது ஆக வேண்டும்

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்ப வேண்டும். கேரளத்திலும் முன்பு 21 என்றே இருந்தது. 2017ல் அதை 23 ஆக உயர்த்தினார்கள். கேரள அப்காரி சட்டப்படி 23 வயது ஆகாதவர் மது அருந்தக் கூடாது. அவருக்கு விற்கவும் கூடாது. மதுக் கடை, பார், கள்ளுக்கடை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஊரில் இருந்து வேலைக்கு வரும் பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை. 22 வயது இளைஞன் ஊரில் சட்டப்படி வாங்கக்கூடியதை இங்கே வாங்கினால் குற்றம்.

பெற்றோர் அறிய வேண்டிய இன்னொரு சட்டம், 2015ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம். டாக்டர் சீட்டு இல்லாமல் 18 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு மது கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று 77வது பிரிவு சொல்கிறது. மதுவை விற்கவோ, சுமக்கவோ, கொண்டு போய்க் கொடுக்கவோ குழந்தையைப் பயன்படுத்தினால் 78வது பிரிவின்படி அதே அளவு தண்டனை உண்டு. "ஒரு வாய் குடிடா" என்று தம்ளர் நீட்டும் மாமாவுக்கும் இந்தச் சட்டத்தில் விலக்கு இல்லை. அடுத்த முறை யாராவது நீட்டினால், உறவு முறிந்துவிடுமோ என்று பயப்படாமல் இந்த 77 என்ற எண்ணைச் சிரித்துக்கொண்டே சொல்லி வைக்கலாம்.

வைப்பின் நினைவிருக்கிறதா?

கடையில் கொடுக்க மாட்டார்கள் என்பதால் பையன்கள் சும்மா இருந்துவிடுவதில்லை. பெரியவர் ஒருவருக்குக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள். அல்லது கடை மூடிய பிறகு பிளாக்கில் விற்பவரிடம் போகிறார்கள். மூடி உடைந்த பாட்டில், லேபிள் இல்லாத பாட்டில், ஏற்கெனவே கலந்து வைத்த பாட்டில் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அதில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் உள்ள பெரியவர்களைக் கேட்டால் 1982 ஓணத்தைச் சொல்வார்கள். படகு ஏறினால் சில நிமிடத்தில் போய்ச் சேரும் வைப்பின் தீவில், பண்டிகைக்குக் குடித்த சாராயத்தில் மெத்தில் ஆல்கஹால் கலந்திருந்தது. 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 60க்கும் மேற்பட்டவர்கள் கண்பார்வை இழந்தார்கள். அவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அது ஒளித்து விற்ற சரக்கு அல்ல. லைசென்ஸ் பெற்ற கடையில் விற்றது. அதற்கே அந்தக் கதி. கேரளத்தில் சாராயக் கடைகள் 1996 ஏப்ரல் 1 முதல் மூடப்பட்டுவிட்டன. ஆனாலும் மெத்தில் ஆல்கஹால் தன் வேலையை நிறுத்தவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை தமிழ்நாட்டில் உறவு உள்ள யாரும் மறந்திருக்க முடியாது.

பிள்ளையிடம் பேசும்போது, "குடித்தால் நரகத்துக்குப் போவாய்" என்பதைவிட வைப்பின் கதையைச் சொல்வது நல்லது. பக்கத்து வீதியில் நடந்ததை அவன் நம்புவான்.

மொழி தெரியாத அப்பா, மொழி தெரிந்த மகன்

வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதை ஊரில் உள்ளவர்களுக்குச் சொன்னால் புரியாது. ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபி கானா வைத்துத் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்களைப் போல் தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பவர்களுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. பத்து, பதினைந்து ஆண்டுக்கு முன் வந்து வாத்துருத்தியிலோ மட்டாஞ்சேரி லைன் வீட்டிலோ குடியிருப்பவர்களின் நிலை வேறு. அப்பாவுக்குக் கொஞ்சம் பேச வரும், படிக்க வராது. அம்மாவுக்கு காய்கறிக் கடை மலையாளம் மட்டும். பையன் மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்து, மலையாளி போலவே பேசுகிறான்.

அதனால் என்ன ஆகிறது? ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவனே துணை. மின்சார பில்லை அவனே படித்துச் சொல்கிறான். வீட்டு ஓனரிடம் அவனே பேசுகிறான். பத்து வயதில் இது பெற்றோருக்குப் பெருமையாக இருக்கும். பதினைந்து வயதில் வீட்டின் கடிவாளம் அவன் கைக்குப் போயிருக்கும். கிளாஸ் டீச்சர், "மோன் மூணு திவசமாயிட்டு கிளாஸில் வந்நிட்டில்ல" என்று சொன்னால், "நல்லா படிக்கிறேன்னு சொல்றாங்கம்மா" என்று மொழிபெயர்க்க வேண்டியவனும் அவனேதான்!

சிரிப்பாக இருந்தாலும், பல வீடுகளில் பெற்றோருக்கும் பள்ளிக்கும் நடுவே நிற்கும் சுவர் இதுதான். ஆகவே பி.டி.ஏ. கூட்டத்துக்குப் போகும்போது பையனைத் துணைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். மலையாளம் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவையோ, கூட வேலை பார்ப்பவரையோ அழைத்துச் செல்ல வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் தமிழிலேயே நிதானமாகப் பேசலாம். கொச்சியில் தமிழ் புரியாத ஆசிரியர் குறைவு. தமிழ் சினிமா பார்க்காதவர் அதைவிடக் குறைவு. கிளாஸ் டீச்சரின் போன் நம்பர் அப்பா, அம்மா இருவரிடமும் இருக்க வேண்டும். தங்கள் நம்பர் பள்ளி ரிஜிஸ்டரில் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் பையனின் நண்பனுடைய நம்பர் எழுதியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அதே போல, அவன் நண்பர்களின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. வீடு தெரிய வேண்டும். நண்பனின் தாயோடு இரண்டு வார்த்தை பேசிப் பழக்கம் வேண்டும். மலையாளி வீடு, முஸ்லிம் வீடு, கொங்கணி வீடு, குஜராத்தி வீடு என்று தயங்கத் தேவையில்லை. மட்டாஞ்சேரியில் எல்லா பாஷைக்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பிள்ளையைப் பற்றிய கவலை எல்லாத் தாய்க்கும் ஒரே பாஷையில்தான் வருகிறது.

ஐஸ்லாந்தில் செய்தது

இப்படிப் பெற்றோர் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஐஸ்லாந்து நாடு உதாரணம். 1998ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 42 பேர், முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016ல் அது 100க்கு 5 ஆகக் குறைந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணை இல்லாமல் வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பெற்றோர்கள் ஒன்றுகூடி, 'எங்கள் பிள்ளைகளுக்கு மது வாங்கித் தர மாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். வார இறுதி இரவுகளில் அப்பா அம்மாக்களே தெருவில் நடந்து பார்த்து வந்தார்கள். பிள்ளைகள் விளையாட்டு, இசை வகுப்புகளில் சேர அரசு பணம் கொடுத்தது.

அது பணக்கார நாடு, மக்கள் தொகையும் குறைவு. எல்லாவற்றையும் இங்கே செய்ய முடியாது. ஆனால் ஒரு லைன் வீட்டு வரிசையில் ஆறு குடும்பம் சேர்ந்து, "ராத்திரி எட்டரைக்கு எல்லாப் பசங்களும் வீட்டில்" என்று முடிவு செய்யப் பணம் வேண்டாம். எல்லா வீட்டிலும் ஒரே நேரம் என்றால், "அவனை மட்டும் விடறாங்களே" என்ற பேச்சு எழாது. டிசம்பர் 31 இரவு ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி எரிப்பதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். அன்று பையனைப் பூட்டி வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். நாலு அப்பாக்கள் முறை போட்டுக்கொண்டு பசங்களை அழைத்துப் போய் அழைத்து வரலாம்.

விளையாட்டுக்கும் கொச்சியில் குறைவில்லை. பரேட் கிரவுண்டில் ரூஃபஸ் டிசோசா பல பத்தாண்டுகள் விடியற்காலையில் சிறுவர்களுக்கு கால்பந்தும் ஹாக்கியும் கற்றுக்கொடுத்ததை ஃபோர்ட் கொச்சி அறியும். காலை ஆறு மணிக்கு கிரவுண்டில் நிற்க வேண்டிய பையனுக்கு ராத்திரி பதினொரு மணி வரை தெருமுனையில் வேலை இருக்காது.

சம்பாதிக்கிற பையன்

படிப்பை நிறுத்திவிட்டு 16, 17 வயதில் வேலைக்குப் போகும் பையன்கள் விஷயம்தான் கஷ்டம். அப்பா வாய் திறந்தால், "நான் சம்பாதிக்கிறேன்" என்று பதில் வரும். கட்டட வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. தளத்துக்கு கான்கிரீட் போட்டு முடிக்கும் அன்று வேலைக்காரர்களுக்குச் சாப்பாடும் சரக்கும் கொடுப்பது. காலை முதல் சட்டி தூக்கிக் கை வீங்கிப்போன பையனுக்கு, "இதைக் குடி, உடம்பு வலி போகும்" என்று கூட இருக்கும் அண்ணன்மாரே ஊற்றுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கும் அப்படித்தான் யாரோ ஊற்றினார்கள். மது உடம்பு வலியைப் போக்குவதில்லை. கொஞ்ச நேரம் தெரியாமல் செய்கிறது. மறுநாள் சாரத்தில் ஏறும்போது கால் தடுமாறினால் கீழே விழுகிறவன் பையன்தான்.

வேலைக்கு அனுப்பும் அன்றே தகப்பனார் மேஸ்திரியிடம் பேசிவிட வேண்டும். "அண்ணே, பையனை உங்களை நம்பி அனுப்புறேன். கான்கிரீட் அன்னைக்கு அவனுக்கு பிரியாணி மட்டும் போதும்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னால், பெரும்பாலான மேஸ்திரிகள் அதை மதிப்பார்கள். சம்பளத்தை என்ன செய்கிறான் என்பதையும் முதல் மாதத்திலிருந்தே பார்க்க வேண்டும். பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அவன் பெயரில் தபால் ஆபீசிலோ பாங்கிலோ கணக்கு தொடங்கி, ஒரு பங்கு அங்கே, ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு அவன் கைக்கு என்று ஏற்பாடு செய்துகொண்டால், கையில் மொத்தப் பணமும் சனிக்கிழமை மாலை இருக்காது.

கண்டுபிடித்த பிறகு

ஒரு நாள் பையன் குடித்துவிட்டு வந்துவிட்டான். என்ன செய்வது? அந்த இரவில் எதுவும் பேச வேண்டாம். போதையில் இருப்பவனிடம் நியாயம் பேசுவதும் அடிப்பதும் வீண். அடி வாங்கியவன் மறுபடி குடிக்கும்போது வீட்டுக்கு வராமல் வேறு எங்காவது படுத்துக்கொள்வான். அது இன்னும் ஆபத்து. அவனைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். யாரோடு, எங்கே, யார் வாங்கிக் கொடுத்தது, எவ்வளவு. அம்மா மட்டும் அறிந்து அப்பாவிடம் மறைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அடிப்பாரே என்ற பயம். மறைக்கப்பட்ட முதல் தடவை இரண்டாவது தடவைக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடுகிறது. தண்டனை வேண்டும் என்றால், சொன்னதைச் செய்யக்கூடிய சின்னத் தண்டனையாக இருக்கட்டும்: இரண்டு வாரம் மாலையில் வெளியே போகக் கூடாது, பைக் சாவி கிடையாது. "வீட்டை விட்டு வெளியே போ" என்பது தண்டனை அல்ல. போய்விட்டால் யார் தேடுவது?

இரண்டு, மூன்று முறை ஆகிவிட்டால் வீட்டுக்குள்ளேயே வைத்துப் புழுங்கக் கூடாது. கேரள அரசின் எக்சைஸ் துறை 2016ல் தொடங்கிய 'விமுக்தி' திட்டத்தில் ஆலோசனைக்கு 14405 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. பிள்ளையை வைத்து யாராவது மது விற்கச் செய்தாலோ, பலவந்தமாகக் குடிக்கக் கொடுத்தாலோ 1098க்குச் சொல்லலாம்.

அப்பாவே குடிப்பவராக இருந்தால்

இதைப் படிக்கும் தகப்பனார்களில் சிலர், "நானே குடிக்கிறேன், எந்த முகத்தோடு பையனைக் கேட்பது?" என்று நினைக்கலாம். கேட்கலாம். ஆனால் முதலில் சில காரியம் செய்ய வேண்டும். வீட்டில் பாட்டில் வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டும் என்றால் பூட்டி வைக்க வேண்டும். பிள்ளைகள் எதிரில் குடிக்கக் கூடாது. சோடாவோ, தம்ளரோ, ஊறுகாயோ, சிகரெட்டோ பிள்ளை கையால் வரக் கூடாது. திண்ணைக் கூட்டத்தை வீட்டை விட்டு அப்புறப்படுத்த வேண்டும். இது பாசாங்கு அல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. பாசாங்காகவே இருந்தாலும் பையனுக்கு நல்லதுதான்.

"எனக்கு இது பிடித்துக்கொண்டது, விட முடியவில்லை. உனக்கு வேண்டாம்" என்று குடிக்கும் தகப்பன் ஒரு தடவை வாய் விட்டுச் சொன்னால், குடிக்காத பத்துப் பேரின் புத்திமதியை விட அது பையன் மனதில் தைக்கும்.

நிறுத்த விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தருகிறது. குடியால் கணவரை இழந்தவர் அவர். கொச்சியிலும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் நடக்கின்றன. பெயர் கேட்க மாட்டார்கள், பணம் கேட்க மாட்டார்கள். பல ஆண்டாகத் தினமும் குடிப்பவர் மட்டும், வைராக்கியத்தில் திடீரென்று ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும்.

மயங்கிக் கிடந்தால்

கடைசியாக ஓர் அவசரக் குறிப்பு. குடித்த பையன் கூப்பிட்டால் பதில் தரவில்லை, மூச்சு மெதுவாக விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, வலிப்பு வருகிறது என்றால், "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று விடக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாந்தி மூச்சுக்குழாயில் போகாது. மோர், எலுமிச்சம் சாறு, உப்புத் தண்ணீர், காப்பி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும், தலையில் குளிர்ந்த தண்ணீர் கொட்டவும் கூடாது. 108க்குப் போன் செய்ய வேண்டும். மட்டாஞ்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு கருவேலிப்படி மகாராஜாஸ் தாலுகா ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறது. எர்ணாகுளத்தில் ஜெனரல் ஆஸ்பத்திரி.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து நேரத்தைக் கடத்தக் கூடாது. என்ன குடித்தான், எப்போது குடித்தான், யாரிடம் வாங்கினான் என்று தெரிந்த வரை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிளாக்கில் வாங்கியது என்றால் அதையும் சொல்ல வேண்டும். மீதி பாட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போக வேண்டும். மெத்தில் ஆல்கஹால் விஷம் பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் வேலையைக் காட்டும். தெளிந்து எழுந்த பையன், "கண் பனி மூடின மாதிரி இருக்கும்மா" என்றால் அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இருக்கிறது. சீக்கிரம் கொண்டுபோனால் பார்வை தப்பும்.